பதினோராவது ஆள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் என் அக்காவின் மகன் வீட்டுக்கு வந்தான். ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலையில் அவன் இன்ஜினீயர். கார்களுக்குள்ளே நரம்பு மாதிரி ஓடுகிறதே ஒயர்க் கட்டு, அதைச் செய்கிற இடம். வந்தவன் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினான்.

"மாமா, இதைக் கொஞ்சம் நல்ல தமிழாப் பண்ணிக் கொடுத்துடுங்க. பெரிசா எழுதிச் சுவத்துல மாட்டப் போறோம். எங்க லைன்ல இருக்கிற பொண்ணுங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராது."

கதை எழுதுகிறவனுக்கு இது புதிய தொந்தரவு அல்ல. கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, தெருச் சங்கத்துக்கு வரவேற்பு மடல் என்று எத்தனையோ எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒன்றுக்கும் சன்மானம் வந்ததில்லை என்பது வேறு விஷயம். காபியை ஓரமாக வைத்துவிட்டுத் தாளைப் பிரித்தேன்.

ஏழு விதமான வீண்களின் பட்டியல் அது. தேவைக்கு மேல் செய்வது வீண். காத்திருப்பது வீண். சரக்கை இங்குமங்கும் சுமப்பது வீண். வேண்டாத வேலை செய்வது வீண். கையிருப்பு வைப்பது வீண். உடம்பை அனாவசியமாக அசைப்பது வீண். பழுதாகச் செய்வது வீண். இந்த ஏழையும் ஒழித்தால் தொழிற்சாலை 'லீன்' ஆகிவிடும். அதாவது, கொழுப்பெல்லாம் கரைந்து இளைத்துவிடும்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்று நம் ஊரில் சொல்லுவார்கள். இளைத்தவனைக் கண்டால் எள்ளைக் கொடுத்துத் தேற்று என்பது நம் பாட்டிமார் வைத்தியம். இளைப்பதையே லட்சியமாக்கிச் சுவரில் எழுதி மாட்டலாம் என்பது அவர்களுக்குத் தெரியாமல் போயிற்று.

"இதெல்லாம் எழுதி மாட்டப் போகிறதோடு சரியா, இல்லை, ஏதாவது செய்தும் இருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

உற்சாகமாகச் சொல்ல ஆரம்பித்தான். அவனுடைய லைனில் பத்துப் பலகைகள். பலகைக்கு ஒரு பெண். ஒருத்தி ஒயரைப் பதிக்க, அடுத்தவள் இன்னொன்றைச் சேர்க்க, கடைசியில் இருப்பவள் டேப் சுற்றி முடிப்பாள். எல்லாரும் செய்யாறு, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்குகிறவர்கள். பத்துப் பலகைக்குப் பதினோரு பேர் இருந்தார்களாம்.

"பதினோராவது ஆளை எடுத்துட்டோம் மாமா. ஒரு வாரம் ஸ்டாப்வாட்ச் வெச்சுப் பார்த்தேன். ஷிப்டுல பாதி நேரம் அந்தப் பொண்ணு சும்மாத்தான் நின்னுது."

"மீதிப் பாதி நேரம்?"

கொஞ்சம் யோசித்தான். யாராவது பாத்ரூம் போனால் அந்த இடத்தில் அவள் நிற்பாளாம். யாருக்காவது தலை சுற்றினால் உட்கார வைத்துவிட்டு அந்த வேலையைப் பார்ப்பாளாம். புதிதாக வந்தவளுக்குச் சொல்லிக் கொடுப்பாளாம்.

"இப்போது பாத்ரூம் போக வேண்டுமானால்?"

"டீ டயத்துல போயிக்கலாம் மாமா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனே சிறிது நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக் கொண்டு சொன்னான்: "தண்ணி குடிக்கிறதையே குறைச்சுக்கிட்டாங்கன்னு எங்க நர்ஸ் சொன்னாங்க. ரெண்டு மூணு பேருக்கு நீர்க்கடுப்பு."

என் மருமகன் கெட்டவன் அல்ல. கெட்டவனாக இருந்தால் கடைசி விஷயத்தை என்னிடம் சொல்லியிருக்க மாட்டான். ஆனால், ஒரு வாரம் கையில் கடிகாரத்தோடு நின்று பார்த்தவனுக்கு அந்தப் பெண் சும்மா நின்றது கண்ணில் பட்டது. அவள் நின்றதால் மற்றப் பத்துப் பேரும் தண்ணீர் குடிக்க முடிந்தது என்பது படவில்லை. அது ஸ்டாப்வாட்சில் விழுகிற சமாசாரம் அல்ல.

அந்தத் தாளைத் தமிழ்ப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதைக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தச் சாஸ்திரம் பிறந்த இடம் ஜப்பான். இதற்கு மூல புருஷர் ஓனோ டாய்ச்சி என்பவர். டொயோடா குடும்பத்தின் நெசவாலையில் வேலை பார்த்து, 1943-ல் அவர்களுடைய மோட்டார்க் கம்பெனிக்கு வந்தவர். அந்த நெசவாலைக்கு ஒரு கதை உண்டு. குடும்பத்தின் பெரியவர் டொயோடா ஸாகிச்சி 1924-ல் ஒரு தறி செய்தார். ஓர் இழை அறுந்தால் போதும், தறி தானாகவே நின்றுவிடும். அதனால் ஒரே பெண் பல தறிகளைப் பார்த்துக் கொள்ள முடிந்தது. ஓனோ அந்த யோசனையைக் கார்த் தொழிற்சாலைக்குக் கொண்டு வந்தார். ஒருவனுக்கு ஒரு யந்திரம் என்றிருந்ததை ஒருவனுக்குப் பல யந்திரம் என்று ஆக்கினார்.

அது நடந்த காலத்தையும் பார்க்க வேண்டும். யுத்தத்தில் தோற்ற தேசம்; விற்காத லாரிகள்; திவாலாகும் நிலையில் கம்பெனி. 1950-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பெரிய வேலைநிறுத்தம் நடந்தது. கம்பெனியின் தலைவர் டொயோடா கிய்ச்சிரோ அதற்குப் பொறுப்பேற்று ராஜினாமாச் செய்தார். ஆளைக் குறைத்த முதலாளி தானும் போனார் என்பதை இங்கே குறித்துக் கொள்ளுங்கள். லீன் சாஸ்திரத்தை நமக்கு விற்கிற ஆலோசகர்கள் இந்த அத்தியாயத்தை வேகமாகப் புரட்டிவிடுவார்கள். அதே ஜூன் மாதத்தில் கொரியாவில் சண்டை மூண்டது. அமெரிக்கப் படை லாரிகளுக்கு ஆர்டர் கொடுத்தது. கம்பெனி பிழைத்துக் கொண்டது.

ஆகவே, இது பஞ்ச காலத்தில் பிறந்த சமையல். பஞ்சத்தில் அரை வயிற்றுக்குப் பழகியவனின் சிக்கனத்தை நான் மதிக்கிறேன். வயிறு நிறைந்தவன் அதையே பிறருக்குப் பத்தியமாக எழுதிக் கொடுக்கும்போதுதான் எனக்கு எரிச்சல் வருகிறது.

ஜப்பானியர் வீணை 'முடா' என்கிறார்கள். நம் காதில் அது யாரோ நம்மை வைகிற மாதிரி விழுகிறது. ஆனால் ஓனோவின் பள்ளியில் அந்த வார்த்தைக்கு இரண்டு கூட்டாளிகள் உண்டு. ஒன்று 'முரா', வேலை ஒரு சமயம் குவிந்தும் ஒரு சமயம் வற்றியும் வருகிற சீர்கேடு. இன்னொன்று 'முரி', மனுஷனையோ யந்திரத்தையோ சக்திக்கு மீறி வருத்துவது. முரி என்றால் நமக்கும் முறிகிற ஞாபகந்தானே வருகிறது! மூன்றையும் சேர்த்து ஒழிக்க வேண்டும் என்பதே பாடம். முதலாவதை மட்டும் பிடித்துக் கொண்டு ஆளை எடுத்தால், எடுத்த பாரம் மற்றவர் முதுகில் முரியாகப் போய் உட்காரும். என் மருமகன் கொண்டு வந்த தாளில் முடாவின் ஏழு அவதாரங்களும் இருந்தன. முரியைப் பற்றி ஒரு வரி இல்லை. பயிற்சி வகுப்பில் சொன்னார்களா என்று கேட்டேன். சொன்னார்கள் போலிருக்கிறது என்றான்.

ஓனோவைப் பற்றி இன்னொரு கதையும் சொல்லுவார்கள். தொழிற்சாலைத் தரையில் சாக்கட்டியால் ஒரு வட்டம் போட்டு, இளம் இன்ஜினீயரை அதற்குள் நிற்கச் சொல்லுவாராம். மணிக்கணக்கில் நின்று, பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். வேறு வேலை கிடையாது. வீணை ஒழிக்க வந்த மனுஷன், பார்ப்பதற்கு என்று ஒருவனுக்கு நாளின் பெரும்பகுதியைச் சும்மா கொடுத்திருக்கிறார்! ஓர் அத்தியாயத்துக்காக மூன்று நாள் ஜன்னலைப் பார்த்துக் கொண்டிருந்து, அதற்காக வீட்டில் பேச்சு வாங்குகிற எனக்கு, இந்த ஒரு காரணத்துக்காகவே அவரிடம் கொஞ்சம் பிரியம் உண்டு.

நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். இந்த முறையால் தொழிலாளிக்கு நன்மையே இல்லை என்று சொன்னால் அது பொய். அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த ஃப்ரீமான்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஒரு தொழிற்சாலையை நடத்த முடியாமல் 1982-ல் மூடியது. 1984-ல் டொயோடாவோடு கூட்டுச் சேர்ந்து அதைத் திறந்தபோது, வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் பழைய ஆட்களே. குழப்பத்துக்கும் வேலைக்கு வராமல் போவதற்கும் பேர் போன அதே ஆட்கள் நல்ல கார்களைச் செய்தார்கள். பழுது கண்டால் தொழிலாளியே கயிற்றை இழுத்து லைனை நிறுத்தலாம் என்று வைத்தார்கள். லைனை நிறுத்துகிறவனை அதற்கு முன்பு வேலையை விட்டே நிறுத்துவார்கள். தன் பேச்சுக்கு மதிப்பு உண்டு என்று தெரிந்ததும் மனுஷன் நிமிர்ந்துவிடுகிறான். இதில் எனக்கு ஆச்சரியமில்லை.

ஆனால் அதே இடத்தில் நிமிஷத்துக்கு 57 விநாடி கை ஓயாமல் வேலை நடந்தது. மிச்சம் 3 விநாடி. மூன்று விநாடியில் மூக்கைச் சொறிந்து கொள்ளலாம். பக்கத்திலிருப்பவனிடம் குழந்தைக்குக் காய்ச்சல் எப்படி இருக்கிறது என்று கேட்டுப் பதில் வாங்க முடியாது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அப்படி உழைத்து, எங்கே விநாடி மிச்சப்படும் என்று தாங்களே யோசனையும் சொன்னவர்களுக்கு 2010-ல் என்ன கிடைத்தது? ஜெனரல் மோட்டார்ஸ் திவாலாகிக் கூட்டை விட்டுப் போயிற்று, டொயோடா தனியாக நடத்த விரும்பவில்லை, தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். சுமார் 4,700 பேர் வெளியே வந்தார்கள். ஏழு வீண்களையும் ஒழித்தவர்களே எட்டாவது வீணாகிப் போனார்கள்.

ஜப்பானிலேயே நடந்தது இன்னும் கசப்பானது. டொயோடாவின் ட்ஸுட்ஸுமி தொழிற்சாலையில் தரப் பரிசோதனை பார்த்து வந்த முப்பது வயது இளைஞர் ஒருவர், 2002 பிப்ரவரியில் ஒரு நாள், விடியற்காலை நாலு மணிச் சுமாருக்கு வேலையிடத்திலேயே சரிந்து விழுந்து இறந்து போனார். இப்படி உழைத்தே சாவதற்கு அந்த தேசத்தில் 'கரோஷி' என்று ஒரு தனி வார்த்தையே இருக்கிறது. ஷிப்டு முடிந்த பிறகும் அவர் தரவட்டம் என்று ஒரு கூட்டத்தில் உட்கார வேண்டியிருந்தது; வேலையை எப்படிச் சீர்ப்படுத்தலாம் என்று யோசனை எழுத வேண்டியிருந்தது. 'அதெல்லாம் அவராக இஷ்டப்பட்டுச் செய்தது. வேலைக் கணக்கில் சேராது' என்று தொழில் அலுவலகம் கையை விரித்தது. அவர் மனைவி விடவில்லை. வழக்குப் போட்டார். 2007 நவம்பரில் நகோயா நீதிமன்றம், அதுவும் வேலைதான் என்று தீர்ப்புச் சொன்னது. கடைசி மாதத்தில் நூறு மணிக்கு மேல் ஓவர்டைம் என்று ஒப்புக் கொண்டது. அடுத்த வருஷம் கம்பெனியும் அந்தக் கூட்டங்களுக்குச் சம்பளம் தர முன்வந்தது.

'இஷ்டப்பட்டுச் செய்தது' என்ற அந்த வார்த்தையைக் கவனியுங்கள். கூலிக்காரன் கையை விலைக்கு வாங்குவது பழைய முறை. கையோடு மூளையையும் மனசையும் இனாமாக வாங்கிக் கொள்வது புதிய முறை. தன் பக்கத்தில் நிற்கிற பதினோராவது ஆள் எதற்கு என்று தொழிலாளியையே யோசிக்க வைத்து, அந்த யோசனைக்கு ஒரு டிபன் பாக்ஸ் பரிசும் கொடுப்பார்கள்.

லீன்காரர்கள் வீணை ஒழிப்பதாகச் சொல்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அவர்கள் அதை இடம் மாற்றி வைக்கிறார்கள், அவ்வளவுதான். குடோனில் சரக்கு இல்லை என்று பெருமைப்படுவார்கள். அந்தச் சரக்கு லாரியில் ஏறி ஸ்ரீபெரும்புதூர் சாலையோரத்தில் நிற்கும். டிரைவர் ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்துக் கொண்டு, எப்போது கேட்டுத் திறக்கும் என்று காத்திருப்பான். காத்திருப்பது வீண் என்ற விதி அவனுக்கு இல்லை. அவன் கம்பெனி ஆள் அல்லவே! நீர்க்கடுப்பு வந்த பெண் செய்யாறு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்பாள். அந்த மருந்துச் செலவு சர்க்காருக்கு. அன்றைய சம்பள நஷ்டம் அவளுக்கு. வீட்டுக்கு வந்து சமைக்கவும் தெம்பில்லாமல் அவள் படுத்துக் கொண்டால், அடுப்பை மூட்டுவது அவளுடைய பத்து வயதுத் தங்கை. எந்தக் கணக்குப் புத்தகத்திலும் இந்தச் செலவு ஏறாது. ஏறாத செலவை மிச்சம் என்று எழுதிக் கொள்கிறார்கள்.

ஆளையும் அதேபோலக் கையிருப்பில்லாமல் வைத்துக் கொள்ளப் பழகினார்கள். வேண்டும்போது ஒப்பந்தத்தில் கூப்பிடு, வேண்டாதபோது அனுப்பு. 2008-ன் கடைசியில் உலகமெங்கும் வியாபாரம் படுத்தபோது, ஜப்பானியத் தொழிற்சாலைகள் ஒப்பந்த ஆட்களை ஆயிரக்கணக்கில் அனுப்பின. கம்பெனி விடுதிகளில் தங்கியிருந்தவர்களுக்கு வேலை போன அன்றே கூரையும் போயிற்று. அந்த வருஷக் கடைசி நாளில் டோக்கியோவில், அரசாங்க அலுவலகங்களுக்கு நடுவே இருக்கிற ஹிபியா பூங்காவில், தொண்டர்கள் கூடாரம் போட்டுக் கஞ்சி காய்ச்சி ஊற்றினார்கள். சுமார் 500 பேர் வந்து சேர்ந்தார்கள். கூடாரம் கொள்ளாமல் போகவே, எதிரிலிருந்த தொழில் அமைச்சகத்தின் மண்டபத்தையே படுக்கத் திறந்து விட வேண்டியதாயிற்று. வருஷப் பிறப்பன்று, உலகத்தின் பெரும் பணக்கார தேசம் ஒன்றின் தலைநகரில்.

"போட்டி உலகம் சார். இப்படிச் செய்யாவிட்டால் கம்பெனி நிலைக்குமா?" என்று சில வாசகர்கள் கேட்பார்கள். சரி, நிலைப்பதைப் பற்றியே பேசுவோம். 1997 பிப்ரவரி முதல் தேதி, கரியா என்ற ஊரில் ஐசின் கம்பெனியின் தொழிற்சாலை ஒன்று எரிந்தது. பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வு, அநேகமாக முழுவதும் அங்கேதான் தயாராயிற்று. டொயோடாவிடம் இருந்த கையிருப்பு சில மணி நேரத்துக்குத்தான். ஜப்பானில் இருந்த அதன் லைன்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. தையல் யந்திரம் செய்கிற பிரதர் கம்பெனி உள்பட எத்தனையோ பேர் தங்கள் வேலையைப் போட்டுவிட்டு ராப்பகலாக வால்வு செய்து கொடுத்ததால் ஒரு வாரத்தில் மீண்டது. சாஸ்திரத்துக்கு உயிர் கொடுத்தவர்கள், சாஸ்திரப்படி வேறிடத்தில் 'அதிகப்படியாக' இருந்த ஆட்களும் யந்திரங்களுமே!

2011 பூகம்பத்தில் மறுபடியும் அடி விழுந்தது. அதற்குப் பிறகு டொயோடா ஒரு காரியம் செய்தது. கார்களுக்கு வேண்டிய எலெக்ட்ரானிக் சிப்புகளை இரண்டு முதல் ஆறு மாதத் தேவைக்குக் கையிருப்பு வைக்கும்படி, தனக்குச் சரக்குக் கொடுப்பவர்களைக் கேட்டுக் கொண்டது. 2021-ல் உலகமெங்கும் சிப்புப் பஞ்சம் வந்தபோது மற்றக் கம்பெனிகள் தவிக்க, அது முதலில் சமாளித்துக் கொண்டது. கையிருப்பு வீண் என்று உலகுக்கு உபதேசித்த வீட்டிலேயே குதிரில் சிப்பு நிறைத்து வைத்தார்கள். புத்திசாலித்தனந்தான். நான் குறை சொல்லவில்லை. சிலிக்கான் சில்லுக்கு ஆறு மாதக் கையிருப்பு வைக்கத் தெரிந்த நிர்வாக உலகத்துக்கு, பத்துப் பெண்களுக்கு ஒரு பெண்ணைக் கையிருப்பாக வைக்கத் தெரியாதா என்பதுதான் என் கேள்வி.

இதைப் படிக்கிற நீங்கள் பெரும்பாலும் லைனில் நிற்கிறவர்கள் அல்ல, நானும் அல்ல. அதற்காக நாம் வெளியே இருக்கிறோம் என்று அர்த்தமில்லை. தீபாவளிக்குத் தியாகராய நகரில் புடவை எடுக்கப் போகிறோம். நாற்பது புடவையைப் பிரித்துப் போட்டுக் காட்டுகிற பெண் காலை முதல் நின்று கொண்டே இருப்பவள் என்பதை நாம் எத்தனை வருஷமாகப் பார்த்தும் பாராமலும் இருந்தோம்! கடைச் சிப்பந்திகளுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று தமிழ்நாட்டுச் சட்டசபை 2021-ல் ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்தது. கேரளத்தில் அதற்கு முன்பே, 2018-ல் கொண்டு வந்துவிட்டார்கள். உட்காருவதற்கு ஒரு சட்டம்! ஒரு ஸ்டூல் போடுவதற்கு மந்திரி எழுந்து மசோதா வாசிக்க வேண்டியிருந்தது. கடைக்காரர் லீன் வகுப்புக்குப் போனவர் அல்ல. ஆனால், ஆள் சும்மா இருப்பதைப் பார்க்கச் சகிக்காத கண் இருவருக்கும் ஒன்றே. அந்தக் கண் நமக்கும் கொஞ்சம் இருக்கிறது. வீட்டு வேலைக்கு வருகிற அம்மாள் ஐந்து நிமிஷம் வாசற்படியில் உட்கார்ந்தால், அடுத்த வேலையைச் சொல்ல நம் வாய் துறுதுறுக்கிறதா இல்லையா?

என் மருமகனிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. பாதிதான் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டுக் கொண்டிருந்தான். ஜப்பான் கதையெல்லாம் அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அவன் படித்த புத்தகங்களில் 1950 இருந்தது, ஹிபியா பூங்கா இல்லை.

"அப்ப சுவத்துல என்னதான் மாமா எழுதறது?" என்றான்.

பேனாவை எடுத்து அந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்: 'பாத்ரூம் போக வேண்டியவர்கள் சொல்லிவிட்டுப் போகலாம். அதுவரை சூபர்வைசர் பலகையில் நிற்பார்.'

சிரித்துவிட்டான். "எங்க மானேஜர் இதைப் பார்த்தா என்னையே பலகையில நிறுத்திடுவார்" என்றான். ஆனாலும் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டான். ஆறிப்போன காபியை அக்கா மகன் என்ற உரிமையில் அவனே சுட வைத்துக் கொண்டு வந்தான். இருவரும் பாதிப் பாதி குடித்தோம். அன்று வெகு நேரம் இருந்துவிட்டுத்தான் போனான்.

போன வாரம் அக்கா போன் பண்ணினாள். அவன் ஞாயிற்றுக்கிழமை வருவான் என்று நினைத்திருந்தேன் என்றேன்.

"எங்கேடா வரது? அவன் கூட இருந்த இன்னொரு இன்ஜினீயரை எடுத்துட்டாங்களாம். மூணு வாரமா ஞாயித்துக்கிழமையும் போறான்."